நாற்பது நாள் முதலாளி

ஒரு பேரக்குழந்தையின் விலை: பல்லி ஒன்று, நாற்பது நாள்.

இதில் பேரம் கிடையாது என்று மகள் சொல்லிவிட்டாள். முப்பத்தைந்து வருஷம் பட்டனும் ஜிப்பும் நூல்கண்டும் மொத்த விலைக்கு விற்ற மனிதரிடம் அப்படிச் சொன்னால் கேட்பாரா?

"முப்பது நாள்னு வச்சுக்கலாமே?"

"நாப்பது."

"சரி, முப்பத்தஞ்சு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

"அப்பா, நாப்பத்தஞ்சு ஆக்கட்டுமா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். விலை ஏறுகிற சந்தையில் அதிகம் பேசக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கடைவீதியில் அவரை 'குரோஸ்காரர்' என்பார்கள். பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். பட்டன் வியாபாரத்தில் அதுதான் அளவு. அதற்குக் குறைந்து அவர் எதையும் விற்றதில்லை, வாங்கியதுமில்லை. சவர பிளேடுகூட அவருக்கு குரோஸ் கணக்கில்தான் வரும். போன மாதம் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். மனைவி இறந்து ஆறு வருஷம். தனி ஆள், மாடி வீடு. செய்தித்தாளை விளம்பரம் உட்பட இரண்டு முறை படித்தும் மணி பத்துதான் ஆகியிருந்தது.

மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவம் முடிந்து சில மாதத்தில் ஆபீசுக்குத் திரும்பியாக வேண்டும். பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது, "நான் இருக்கேனே!" என்றார் குரோஸ்காரர்.

"நீங்களா?" என்றாள் மகள்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு குடோன் இருந்தது. ஐந்து வயதில் அவள் அப்பாவோடு கடைக்குப் போய், பட்டன் மூட்டை மேல் தூங்கிப்போனாள். அவர் சரக்கை எண்ணினார், பூட்டினார், வீட்டுக்கு வந்தார், கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். "கொழந்தை எங்கே?" என்று மனைவி கேட்டபோது, "எல்லாத்தையும் சரியா எண்ணித்தானே பூட்டினேன்" என்று வேறு சொல்லி வைத்தார். அந்த வாக்கியத்தை மனைவி கடைசிவரை விடவில்லை. அவளுக்குப் பிறகு மகள் எடுத்து நடத்துகிறாள்.

ஆகவேதான் இப்போது சாப்பாட்டு மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டியும், அதற்குள் ஒரு பல்லியும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால், மெதுவாக மூடித் திறக்கும் இமைகள். விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவரின் முகம் அதற்கு.

"இதை நாப்பது நாள் உயிரோட வச்சுக் காட்டுங்க. அப்புறம் கொழந்தையைப் பத்திப் பேசலாம்."

"பல்லிதானேம்மா? சுவர்ல அதுபாட்டுக்கு வளருது."

"அது வேற. இது சிறுத்தைப் பல்லி. இதுக்குச் சுவர்ல ஏறவே தெரியாது."

"பல்லியாப் பிறந்துட்டுச் சுவர்ல ஏறத் தெரியாதா? அப்ப இதுக்கு என்னதான் தொழில் தெரியும்?"

தொட்டியைச் சுமந்து வந்த மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, இது வந்து..." என்று ஆரம்பித்தார். மகள் அவரைப் பார்த்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். பேச்சை விட்டுவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மகள் நான்கு பக்கத்துக்குக் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தாள். தொட்டியில் ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தைந்து. இரண்டு நாளைக்கு ஒரு தடவை உயிருள்ள சில்வண்டு, கால்சியம் பொடியில் புரட்டியது. வாரம் ஒரு முறை எடை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோவில் அவளுக்குக் காட்ட வேண்டும்.

குரோஸ்காரர் பரண்மேல் இருந்த பட்டன் தராசை இறக்கித் துடைத்துப் பல்லியை ஏற்றினார். ஐம்பத்தெட்டு கிராம். அசையாமல் நின்றது. எடைக்கு ஒழுங்காக நிற்கிற சரக்கு மேல் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு.

"உனக்குப் படுக்க ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. சாப்பாடு பொடி தூவி நேரா வாய்க்கு வருது. வேலைன்னு ஒண்ணும் கிடையாது," என்றார் அதனிடம். "நீ பல்லி இல்ல. நீதான் முதலாளி."

முதலாளி ஒரு இமையை மட்டும் மூடித் திறந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான மாதிரி இருந்தது.

மகள் விட்டுப்போன சில்வண்டுகள் நான்காம் நாள் தீர்ந்தன. செல்லப்பிராணிக் கடைக்குப் போனார். கல்லாவில் ஒரு அம்மாள், தோளில் கிளியோடு உட்கார்ந்திருந்தாள்.

"சில்வண்டு என்ன விலைம்மா?"

"ஒண்ணு அஞ்சுங்க."

"பூச்சி அஞ்சா! மொத்தமா எடுத்தா?"

"மொத்தம்னா, நூறு வேணுங்களா?"

"பத்து குரோஸ்."

"அப்படின்னா?"

"ஆயிரத்து நானூத்தி நாப்பது."

கடைக்கார அம்மாள் கிளியைக் கீழே இறக்கிவிட்டாள். "ஐயா, உங்ககிட்ட எத்தனை பல்லி இருக்கு?"

"ஒண்ணு."

"ஒரு பல்லி ரெண்டு நாளைக்கு ஆறு பூச்சிதாங்க தின்னும். நாப்பது நாளைக்கு நூத்தியிருபது போதும். அறுநூறு ஆகும்."

"பத்து குரோஸ் எவ்வளவு ஆகும், அதைச் சொல்லும்மா."

அவள் பண்ணைக்குப் போன் போட்டுக் கேட்டாள். "நேரா வரவழைச்சா எழுநூறுக்குத் தர்றாங்களாம்."

"பார்த்தியா!" குரோஸ்காரரின் முகம் மலர்ந்தது. "நூறு கூடக் கொடுத்தா ஆயிரத்து முன்னூத்தியிருபது பூச்சி சும்மா வருது!"

"ஐயா, அந்தப் பூச்சிக்கும் நீங்க சாப்பாடு..."

அதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார். தனக்கு வேண்டிய விலை காதில் விழுந்ததும் பேச்சை முடித்துக்கொள்வது அவர் வழக்கம். முப்பத்தைந்து வருஷம் அதனால் லாபம்தான் வந்திருந்தது.

சில்வண்டுகள் ஆறு பெட்டிகளில் வந்து இறங்கின. மூடியில் காற்றுக்கு ஓட்டை வேண்டுமே என்று குரோஸ்காரர் தன் கையாலேயே போட்டார். ஓட்டை என்றதும் அவர் கைக்குத் தெரிந்தது சட்டைப் பட்டன் அளவு. சில்வண்டு அதில் பாதி.

ஆயினும் பத்து நாள் எல்லாம் சௌகரியமாக நடந்தது. முதலாளி சாப்பிட்டது, தூங்கியது, மூலையில் ஒரே இடத்தைக் கழிப்பறையாக வைத்துக்கொண்டது. தினம் ஆறு மணிக்கு மகள் விசாரணை நடத்தினாள்.

"கண்ணு பளபளன்னு இருக்கா? நாக்கை நீட்டுச்சா? எத்தனை தடவை நீட்டுச்சு?"

"இன்கம் டாக்ஸ்காரன்கூட இவ்வளவு கேட்டதில்ல தாயே."

"சொல்லுங்கப்பா. நிஜமாவே சாப்பிட்டுதா? நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"நான் பார்க்கப் பார்க்கத்தான் தின்னுச்சு."

மகள் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பல்லியையே பார்த்தாள். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பதினான்காம் நாள் சில்வண்டுகளுக்கு வயசு வந்தது. வயசு வந்த ஆண் சில்வண்டு பாடும். பெட்டிக்குள் இருந்தவை பாடின. ஓட்டை வழியாக வெளியேறி சோபாவுக்கு அடியிலும், புத்தக அலமாரிக்குப் பின்னாலும், தண்ணீர்க் குழாய் வழியே கீழ்வீட்டிலும் குடியேறியிருந்தவை அதைவிட நன்றாகப் பாடின.

காலை பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு நர்ஸ் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அங்கிள், நான் நைட் டூட்டி பார்த்துட்டு வந்து பகல்ல தூங்கற ஆளு. என் தலையணைக்குள்ள ஒண்ணு பாடுது."

"ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான் பாடுது. பீரோக்குள்ள இருக்கறதெல்லாம் அதுக்குப் பதில் சொல்லுது."

"இன்னும் ரெண்டு நாள்..."

"ரெண்டே நாள் அங்கிள். மூணாம் நாள் நான் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுவேன். அவர் நாய்க்குட்டியையே விடலை. உங்க பல்லியையா விடப் போறாரு?"

பல்லியை வெளியேற்றினால் பேரக்குழந்தையும் அதோடு போய்விடும். குரோஸ்காரர் அசரவில்லை. கடைக்கார அம்மாளுக்குப் போன் போட்டார்.

"இதுங்க வாயை எப்படிம்மா அடைக்கிறது?"

"குளிர்ல பாடாதுங்க. ஆனா..."

போனை வைத்துவிட்டார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் காத்திருந்தது.

ஆறு பெட்டியையும் ஹாலுக்கு இழுத்து வந்து ஏசியைப் பதினெட்டில் வைத்தார். அரை மணியில் கச்சேரி நின்றது. வீடே நிசப்தமாகிவிட்டது. கீழ்வீட்டில் இருந்தவையும் பதில் சொல்ல ஆளில்லாமல் ஓய்ந்தன; நர்ஸ் நன்றாகத் தூங்கினாள். குரோஸ்காரர் மப்ளரைக் கட்டிக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்தார்.

முதலாளியின் தொட்டியும் அதே ஹாலில்தான் இருந்தது.

மறுநாள் முதலாளி சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குகைக்குள் சுருண்டு கிடந்தது. தராசில் ஏற்றினார்: ஐம்பத்து நாலு. ஏசியை அணைத்தார், ஐந்தே நிமிஷத்தில் ஆயிரம் தொண்டைகள் திறந்தன. கீழிருந்து நர்ஸ் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். ஏசியைப் போட்டார். தொட்டியைச் சுற்றித் தன் கம்பளிப் போர்வையைச் சுற்றினார். அது போதாமல் சால்வையையும் சுற்றினார். பிறகு குளிர் தாங்காமல் சால்வையை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"அப்பா, ஏன் மப்ளர் கட்டியிருக்கீங்க?"

"ஸ்டைலுக்கும்மா."

"சாப்பிட்டுதா?"

"இப்ப... பசிக்கலையாம்."

போன் திரையில் மகளின் முகம் வெளுத்தது. "எத்தனை நாளா?" என்று மெதுவாகக் கேட்டாள். வழக்கமான அதட்டல் அதில் இல்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

இருபத்திரண்டாம் நாள் முதலாளி தலையிலிருந்து வால்வரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போயிற்று. குரோஸ்காரர் அவசர அவசரமாக மகள் எழுதிய தாள்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்துக் கடைசி வரி: 'வெளுத்தால் பயப்பட வேண்டாம். தோல் உரிக்கப் போகிறது. ஈரம் வேண்டும். தோல் ஒட்டிக்கொண்டால்...'

ஏசி காற்றில் ஹால் காய்ந்த அப்பளமாக இருந்தது. தோல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது: நான்கு பாதங்களிலும், வால் நுனியிலும். ஒட்டிக்கொண்டால் உரிக்க வேண்டும், இதில் என்ன சந்தேகம்? அவர் நான்காம் பக்கத்தைத் திருப்பவில்லை. சிக்கலான நூல்கண்டை அறுக்காமல் பிரிக்கிற விரல்கள் அவருடையவை. ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி முன்னங்கால் ஒன்று, இரண்டு, பின்னங்கால் ஒன்று, இரண்டு என்று உரித்து முடித்தார். முதலாளி பொறுத்துக்கொண்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு, முதலாளி" என்று வால் நுனியைப் பிடித்தார்.

வால் கையோடு வந்துவிட்டது.

நான்காம் பக்கத்து முதல் வரி: 'கையால் உரிக்கவே கூடாது.'

வால் மேசை மேல் தனியாகத் துள்ளியது. முதலாளி தொட்டிக்குள் தனியாக ஓடியது. குரோஸ்காரர் துள்ளுகிற வாலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் போனைத் தேடிக் கடைக்கார அம்மாளைக் கூப்பிட்டார்.

"அம்மா, பல்லி ரெண்டாயிடுச்சும்மா!"

"குட்டி போட்டுடுச்சுங்களா? பல்லி முட்டைதானேங்க..."

"தலை ஒரு பக்கம் ஓடுது, வால் ஒரு பக்கம் ஆடுது! நான் எதைப் பிடிக்க?"

"வாலை விடுங்க. பல்லியைப் பாருங்க."

"எந்தப் பக்கம் உயிர் இருக்கு?"

"சாப்பிடற பக்கங்க, ஐயா."

அந்தத் தடவை அவர் போனை வைக்கவில்லை. கடைசிவரை கேட்டார். கேட்டதோடு நிற்காமல் எழுதிக்கொண்டார். ஏசியை நிறுத்து. தொட்டியைச் சுத்தம் செய்து வெறும் காகிதம் விரி. மீந்த பூச்சியை உள்ளே விடாதே, கடிக்கும். ஈரத்துணி போட்ட டப்பா ஒன்று வை. தொடாதே. வால் தானாக வளரும், மாதக்கணக்கில் ஆகும், முதல் வால் அளவுக்கு அழகாக இருக்காது. "இன்னும் இருக்கா?" என்று அவரே கேட்டார். இல்லை என்று அந்த அம்மாள் மூன்று முறை சொன்ன பிறகுதான் வைத்தார்.

ஆறு பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய், "சும்மா எடுத்துக்கோம்மா" என்றார். சரக்கை அப்படிக் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. வீட்டில் மிச்சமிருந்தவற்றை நர்ஸும் அவரும் இரண்டு பகல் உட்கார்ந்து கண்ணாடி டம்ளரால் கவிழ்த்துப் பிடித்தார்கள்.

"அங்கிள், ஒரு பல்லிக்காகவா இவ்வளவும்?"

"பல்லிக்காக இல்லம்மா," என்றார். கொஞ்சம் யோசித்து, "முதல்ல பல்லிக்காக இல்ல," என்று திருத்திக்கொண்டார்.

பிறகு வந்த நாட்களில் அவர் செய்தித்தாளைத் தொடவில்லை. தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்கு மகளுக்கு முதலாளியின் தலையை மட்டும் காட்டினார்.

"மூஞ்சியையே காட்டறீங்களே, வாலைக் காட்டுங்க."

"அது குகைக்குள்ள இருக்கு."

"முழு வாலுமா?"

"முழு வாலும் உள்ளேதாம்மா இருக்கு," என்று சொல்லிவிட்டு, அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நாற்பத்தொன்பது கிராமுக்கு இறங்கியிருந்தது. இருபத்தொன்பதாம் நாள் இடுக்கியால் ஒரு சில்வண்டை நீட்டிக்கொண்டு கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். முதலாளி குகையிலிருந்து வந்தது, பார்த்தது, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. வெடுக்கென்று வாங்கிக்கொண்டது. ஹாலில் தனியாக நின்று குரோஸ்காரர் கை தட்டினார்.

முப்பத்தாறாம் நாள் பூச்சி வாங்கப் போனபோது நாற்பது நாள் நிபந்தனையை அவர் வாயால் கேட்டிருந்த கடைக்கார அம்மாள் அவரைத் தனியாக அழைத்தாள். கடைசித் தொட்டியில் அதே மஞ்சள், அதே புள்ளி, அதே முகம். முழு வால்.

"உங்க பொண்ணுக்கு வித்தியாசமே தெரியாதுங்க."

"எவ்வளவு?"

"ஏழாயிரம்."

பழக்கம் விடுமா? வாலில் பளபளப்பு போதாது என்றார், ஒரு புள்ளி குறைகிறது என்றார், கிளம்புவதுபோல இரண்டு தடவை வாசல்வரை போனார். மூவாயிரத்து ஐந்நூறுக்கு வந்து நின்றது.

"சரி, எடுத்துக்கோங்க. வேற யாருக்கும் நான் தரமாட்டேன்."

பாதி விலை! அவர் பையில் கை விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது.

"என்னங்க, இன்னும் குறைக்கணுமா?"

"இல்லம்மா. வீட்ல இருக்கறது என் கையால வாங்கித் தின்னுது. அதை எங்கேன்னு கொண்டு விடுவேன்?" கையை வெளியே எடுத்தார். "அதோட, உடைஞ்ச பட்டனை நல்ல பட்டனோட சேர்த்து நான் ஒருநாளும் வித்ததில்ல. என் பொண்ணுகிட்டயா ஆரம்பிக்கிறது? ஆறு சில்வண்டு கொடும்மா, போதும்."

"ஆறா?" என்றாள் அவள். கிளிகூடத் திரும்பிப் பார்த்தது.

நாற்பதாம் நாள் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நேராக மேசைக்கு நடந்தாள். குரோஸ்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"முதல்ல நான் சொல்லிடறேன். ஆயிரத்து நானூத்தி நாப்பது பூச்சி வாங்கினேன், அது என் புத்தி. பூச்சி பாடுதுன்னு ஏசி போட்டேன். ஏசில அது தோல் காஞ்சுபோச்சு. காஞ்ச தோலை நான் உரிச்சேன், நாலாம் பக்கத்தைப் படிக்கலை. வால் போச்சு. என் கையாலதான் போச்சு. அன்னிக்கு முழு வாலும் இருக்குன்னு உன்கிட்ட சொன்னது பொய். இதே மாதிரி வாலோட ஒண்ணு கடையில இருந்துது. பாதி விலைக்குக் கொடுத்தாங்க. நான் வாங்கலை."

அவள் அவரை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். குகை வாசலில் முதலாளி உட்கார்ந்திருந்தது, பின்னால் ஒரு மொட்டைக் குச்சியோடு.

"சாப்பிடுதாப்பா?" குரல் மிகச் சின்னதாக வந்தது.

அவர் இடுக்கியில் ஒரு சில்வண்டைப் பிடித்து நீட்டினார். முதலாளி நிதானமாக நடந்து வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, வெடுக்கென்று வாங்கி மென்று முடித்து, நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அம்பத்திரண்டு கிராமுக்கு ஏறியிருக்கு," என்றார் அவர்.

மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதபடியே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோள் குலுங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

குரோஸ்காரர் இடுக்கியை மேசை மேல் வைத்தார். நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஒரு வாலுக்கு இப்படி அழறா. அவ அழறது நியாயம்தான். நல்ல காப்பகமாப் பார்த்துச் சேருங்க மாப்பிள்ளை. பத்து இடம் ஏறி இறங்கிப் பாருங்க, முதல் இடத்துலயே முடிச்சுடாதீங்க. நான் வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து, தூர நின்னு பார்த்துட்டுப் போறேன்."

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பால்கனிக் கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மாமா, பரீட்சை உங்களுக்கே இல்ல, ஒரு உயிரைத் தன்னால வளர்க்க முடியுமான்னு பார்க்க அவ தனக்குன்னு வாங்கின பல்லி இது, அவகிட்ட சாப்பிடாமக் கிடந்து, 'நான் அம்மாவாகவே லாயக்கில்ல'ன்னு அழுதுட்டுதான் உங்ககிட்ட தூக்கிட்டு வந்தா. இப்ப அழறது வாலுக்காக இல்ல, அது பிழைச்சுச் சாப்பிடுதேன்னு. அவகிட்ட பதினோரு நாள், உங்ககிட்ட நாப்பது, ஆக அம்பத்தொண்ணு நாள் உயிரோட இருக்கு. வால் மட்டும்தான் பாக்கி."